திரை உறைந்தால் ஃபார்மட் எதற்கு?

யூடியூபில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று படம் அப்படியே நின்றுவிடுகிறது, பாட்டு மட்டும் கேட்கிறது. மவுஸை ஆட்டினால் அம்பு நகராது. சில நேரம் திரை ஒரு கணம் கறுத்து, எல்லாம் பழையபடி வந்துவிடும். வராவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று நாள் இப்படி ஆனதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போவோம். நாம் சொல்லி முடிப்பதற்குள் கடைத் தம்பி சொல்லிவிடுவார்: "ஓஎஸ் போயிருச்சு சார், ஃபார்மட் போட்டுடலாம்."

என் லேப்டாப்பும் ஒருமுறை இப்படித்தான் ஃபார்மட் ஆனது. பத்து நாள் தொல்லையில்லாமல் ஓடியது. பதினோராம் நாள் அதே உறைச்சல். திரும்பி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. நடுவில் பத்து நாள் அது எங்கே போயிருந்தது என்பதுதான் புரியவில்லை.

அது புரிய, கிராஃபிக்ஸ் டிரைவர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். 'இந்த இடத்தில் இதை வரை' என்று சொல்லத்தான் விண்டோஸுக்குத் தெரியும். உங்கள் கணினியில் இருக்கும் என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் சிப்புக்குள் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விண்டோஸ் சொல்வதை அந்தச் சிப்புக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது டிரைவர். சிப்பைச் செய்த கம்பெனியே அதை எழுதுகிறது. சின்ன மென்பொருளும் இல்லை; டவுன்லோடு செய்தால் பல நூறு எம்பி வரும். அதில் ஒரு பகுதி விண்டோஸின் அடிமடியிலேயே ஓடுகிறது. வேர்டு கிராஷ் ஆனால் வேர்டு மட்டும் மூடும். அடிமடியில் ஓடுவது தடுக்கினால் மொத்தக் கணினியும் சேர்ந்து விழும்.

எவ்வளவு விழும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. விண்டோஸ் விஸ்டா 2007-இல் புது டிரைவர் அமைப்போடு வந்தது. பிறகு அமெரிக்காவில் விஸ்டா தொடர்பாக நடந்த ஒரு வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007-இல் திரட்டிய விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்று அவற்றில் இருந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு 17.9 சதவீதம்.

திரை கறுத்து மீளும் அந்த ஒரு கணமும் விஸ்டாவோடு வந்ததுதான். கொடுத்த வேலைக்குச் சிப்பிடமிருந்து 2 நொடிக்குள் பதில் வரவில்லை என்றால், அது மாட்டிக்கொண்டது என்று விண்டோஸ் முடிவு செய்து, டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்புகிறது. ஆகவே திரை கறுத்து மீண்டால், கணினி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். விண்டோஸ் அதைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரே நிமிடத்துக்குள் இப்படி ஐந்து முறைக்கு மேல் நடந்தாலோ, மறுபடி கிளப்பும் முயற்சியே தோற்றாலோ, விண்டோஸ் கையை விரித்துவிடும். அப்போது வருவதுதான் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்ற நீலத் திரை. அதில் ஒரு ஃபைல் பெயர் தெரிந்தால் போனில் படம் பிடித்து வையுங்கள். 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஏடிஐ' அல்லது 'ஏஎம்டி' என்றால் ஏஎம்டி, 'ஐஜிடி' என்றால் இன்டெல்.

திரை உறைந்து நிற்கும்போதே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டும்தான் செத்திருக்கிறது. உடனே விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தபடி 'பி' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு 'பீப்' கேட்கும், திரை மினுக்கும்: டிரைவரை நீங்களே மறுபடி கிளப்பிவிட்டீர்கள். திறந்திருந்த ஃபைலைச் சேமிக்க இதனாலேயே வழி கிடைத்துவிடுவதுண்டு. கேப்ஸ் லாக் விளக்குக்கே அசைவில்லை என்றால் டிரைவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ராம், சூடு, பவர் சப்ளை எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். கண்ட்ரோல் பேனலில் ஒரு மூலையில் கிடக்கும் இதை யாரும் திறப்பதில்லை. விண்டோஸில் எனக்குப் பிடித்த ஜன்னல் இதுதான். நாள்வாரியாக ஒரு கட்டம். கிராஷ் ஆன நாளில் சிவப்புப் பெருக்கல் குறி, புதிதாக ஏதாவது ஏறிய நாளில் நீல வட்டம். என்னுடையதில் ஒரு வாரம் முழுக்கச் சிவப்பு. ஒன்றைக் கிளிக் செய்தால் 'ஹார்டுவேர் எரர்', உள்ளே 'லைவ் கெர்னல் ஈவென்ட்', எண் 141. கிராஃபிக்ஸ் சிப் பதில் சொல்லாமல் மாட்டிக்கொண்டதற்கான எண் அது. 117 என்றிருந்தாலும் அதே குடும்பம்தான். முதல் சிவப்புக்கு முந்தின நாளில் ஒரு நீல வட்டம் இருந்தது. விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் ஒரு புது டிஸ்ப்ளே டிரைவரை ஏற்றியிருந்தது.

அந்தப் பத்து நாள் உறைச்சல் எங்கே போயிருந்தது என்பதற்கு விடை அங்கே இருந்தது. ஃபார்மட் போட்டபோது பழைய டிரைவர் ஏறியது, அதனால் ஓடியது. பத்தாம் நாள் அப்டேட் அதே புது டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. இடையில் என் ஃபோட்டோக்களும் தமிழ் ஃபான்டுகளும் போனதுதான் மிச்சம்.

சரி செய்ய ஐந்து நிமிடம் போதும். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' கீழே உள்ள பெயரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'டிரைவர்' பக்கத்துக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். முந்தைய டிரைவர் திரும்பிவிடும். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் பழையது கைவசம் இல்லை என்று பொருள். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அவர்கள் சோதித்துப் போட்டிருக்கும் டிரைவரையே எடுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் இது இன்னும் முக்கியம்.

விண்டோஸுக்குள் நுழையவே முடியவில்லையா? லாகின் திரையிலேயே ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட் வழியாக 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. முன்னதாக ஒன்று: பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினி என்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். சேஃப் மோடில் கம்பெனி டிரைவர் ஏறாது, மைக்ரோசாஃப்டின் சாதா டிரைவரே ஓடும். அங்கே ஒரு மணி நேரம் உறையாமல் இருந்தால் டிரைவர் மீது சந்தேகம் கூடும். கூடுமே தவிர உறுதியாகாது, ஏனென்றால் அங்கே சிப்புக்கும் பெரிதாக வேலையில்லை. பழைய டிரைவரின் மிச்சசொச்சத்தை வழித்தெடுக்க 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளைச் சேஃப் மோடில் ஓட்டலாம். அந்நேரம் இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட் முந்திக்கொள்ளும்.

'லேட்டஸ்ட் டிரைவர் போடுங்க' என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 டிரைவரைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. சில கார்டுகளில் ஃபேன் சரியாகச் சுழலாமல் சூடு ஏறியது. புது கேம், பாதுகாப்புத் திருத்தம் என்று காரணம் இருந்தால் ஏற்றுங்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியை 10 ஆக்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. சோதனை செய்யும் பொறியாளர்களுக்கான கதவு அது. திறந்தால் உறைச்சல் போகாது, பத்து நொடி நீளும்.

குரோமில் மட்டும் உறைகிறது என்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம். செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள். மெத்தையில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் உறைகிறது என்றால் அடியில் காற்றுப்போகும் வழி அடைபட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று பாருங்கள். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் தலைகாட்டும் முன் கம்பெனி லோகோ வருமே, அந்தத் திரையிலேயே வண்ணக் கட்டங்களோ கோடுகளோ தெரிகின்றனவா? அப்போது விண்டோஸின் டிரைவர் ஏறியே இருக்காது. சிப்போ, ஸ்க்ரீனுக்குப் போகும் கேபிளோ போயிருக்கும். இப்போது கடைக்குப் போகலாம். ஃபார்மட் என்று ஆரம்பித்தால், லோகோவிலேயே கோடு வருது தம்பி என்று சொல்லிவிடுங்கள்.