பழைய வழங்கிக்குப் புதிய காவல்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் உள்ளது. மலையில் விளையும் ஏலக்காயின் விலை அங்குக் கணினித் திரையில் முடிவாகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிகள், வணிக நிலையங்கள் முதலியவற்றின் கணக்குகளும் இன்று கணினிக் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. ஒரே கோப்பைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் கணினியை வழங்கி என்பர். புதிய வழங்கி வாங்க இயலாத இடங்களில் பழையதைக் காப்பது எவ்வாறு?

விண்டோஸ் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட நச்சுநிரல், லினக்ஸ் வழங்கியைப் பெரும்பாலும் தாக்குவதில்லை. ஆயினும், அது கோப்பினுள் தங்கி, அக்கோப்பைத் திறக்கும் பிற கணினிகளைச் சென்றடையும். எனவே, தலைமதகில் தடுப்பதுபோல் வழங்கியிலேயே அதனைத் தடுத்தல் நன்று. இதற்குப் பயன்படும் திறந்தமூல மென்பொருள் கிளாம்ஏவி. 2002ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

மூலநிரலை இயந்திரமொழிக்கு மாற்றுவதே தொகுத்தல். பழைய இயங்குதளத்துக்கு ஆயத்தப் பொதி கிடைக்காதபோது நாமே தொகுக்க நேரும். 2021இல் வந்த 0.104 பதிப்பு முதல் சிமேக் என்னும் கருவியும், 2022இல் வந்த 0.105 பதிப்பு முதல் ரஸ்ட் மொழியின் தொகுப்பியும் இதற்குத் தேவை. பழைய வழங்கியில் முதல் தடை இங்கேதான் எழும். இவ்விரண்டின் புதிய பதிப்புகளைத் தனியே நிறுவினால் அத்தடை நீங்கும்.

தடையைத் தவிர்க்கப் பழைய பதிப்பையே நிறுவலாமா? நீண்ட அடையாளங்களை ஏற்க இயலாத 0.95க்கு முந்தைய பதிப்புகளை, முன்னரே அறிவித்துவிட்டு, 2010 ஏப்ரல் 15 அன்று உருவாக்குநர்களே செயலிழக்கச் செய்தனர். புதுப்பிக்கப்படாத மின்னஞ்சல் வழங்கிகள் பல அன்று முடங்கின. பழமை வசதியாகத் தோன்றினும் காவலாகாது.

தொகுக்கும்போது பிழைச்செய்திகள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் முதலாவதையே ஊன்றிப் படிக்க வேண்டும். பின்வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. நூலகம் ஒன்று இல்லை எனச் செய்தி வரும். தேடினால் அது இருக்கும். அதன் தலைப்புக் கோப்புகள் அடங்கிய உருவாக்கப் பொதி நிறுவப்படாமையே காரணமாகலாம். பணி இடையில் அறுபட்டால் நினைவகம் போதவில்லையா எனப் பார்த்தல் வேண்டும். ஒரே வேளையில் நடக்கும் தொகுப்புப் பணிகளைக் குறைப்பதும், வன்தட்டில் மாற்று நினைவிடம் அமைப்பதும் தீர்வுகள்.

நிறுவியபின் ஃபிரெஷ்கிளாம் என்னும் நிரல் நச்சுநிரல் அடையாளங்களை இணையத்திலிருந்து பெறும். அது தோல்வியுற்றால் கடிகாரத்தையும் நோக்குக. தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்தால் நாள் பின்னோக்கிச் செல்லும். அப்போது பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி இணைப்பு மறுக்கப்படும். மேலும், அடையாளங்களை ஏற்றவே ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் வேண்டும். புதுப்பிக்கையில் பழையதும் புதியதும் ஒருங்கே ஏறுவதால் தேவை இருமடங்காகும். பழையதை நீக்கியபின் புதியதை ஏற்றுமாறு அமைக்கலாம். அச்சிறு இடைவெளியில் சோதனை காத்திருக்கும்.

இறுதியில், காவல் விழித்திருக்கிறதா எனத் தேர்ந்தறிய வேண்டும். இதற்கெனவே 68 எழுத்துக்குறிகளால் அமைந்த எய்க்கார் என்னும் தீங்கற்ற சோதனைக் கோப்பு உண்டு. அதனைக் கிளாம்ஏவி சுட்டிக்காட்டினால் நிறுவல் முறையாக உள்ளது எனலாம்.

எனினும், அறியப்படாத நச்சுநிரல் தப்பக்கூடும். ஆதரவு முடிந்த இயங்குதளத்தின் ஓட்டைகளை இம்மென்பொருள் அடைக்காது. ஆகவே, கோப்புகளின் நகலை வேறோர் இடத்தில் பேணுவதும் கடமையாகும். நிறுவிவிட்டோம் என்று ஓய்வதில் காவல் இல்லை; நாள்தோறும் புதுப்பித்துச் சோதிப்பதில்தான் இருக்கிறது.