நான்கு பேர், மூன்று விடைகள்

1947-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய மருந்து. போர் முடிந்த கையோடு டாலருக்கும் பஞ்சம். இரண்டு நுரையீரலிலும் காசநோய் முற்றிய இளைஞர்களுக்கு அன்று படுக்கையில் ஓய்வு கொடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. இருக்கிற கொஞ்ச மருந்தை யாருக்குக் கொடுப்பது?

புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் அந்த முடிவை மருத்துவர்கள் கையில் விடவில்லை. சமவாய்ப்பு எண்களை வைத்து யாருக்கு எது என்று முன்கூட்டியே பிரித்து, அட்டையில் எழுதி, ஒட்டிய உறைகளில் போட்டார். நோயாளியை ஆய்வில் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் அட்டைதான் மருந்தா, வெறும் ஓய்வா என்று சொல்லும்.

ஆறு மாதம் கழித்து வந்த கணக்கு இது. மருந்து பெற்றவர்கள் 55 பேர். 4 பேர் இறந்தார்கள், 51 பேர் உயிரோடு இருந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். 14 பேர் இறந்தார்கள், 38 பேர் பிழைத்திருந்தார்கள். இரண்டு நிரை, இரண்டு நிரல், நான்கு கட்டம். மொத்தம் 107 பேர், அதில் 18 மரணம்.

அந்த ‘4’ என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். 107-ஆல் வகுத்தால் சுமார் 3.7 சதவீதம்: மருந்தும் பெற்று இறந்தும் போனவர்களின் பங்கு. 18-ஆல் வகுத்தால் 22 சதவீதம்: இறந்தவர்களில் மருந்து பெற்றவர்கள். 55-ஆல் வகுத்தால் 7 சதவீதம்: மருந்து பெற்றவர் இறக்கும் நிகழ்தகவு. படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டியது இந்தக் கடைசி எண்தான். மருந்து கிடைக்காதவர்களுக்கு அது 14/52, ஏறக்குறைய 27 சதவீதம்.

பகுதியில், அதாவது வகுக்கும் இடத்தில், எந்த எண்ணை வைக்கிறோம் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, அதே மருந்தை 550 பேருக்குக் கொடுத்து 40 பேர் இறந்ததாக வைத்துக்கொள்வோம். மறுபக்கம் அதே 52-இல் 14. மருந்தின் பலன் இம்மியும் மாறவில்லை. ஆனால் இறந்த 54 பேரில் 40 பேர், அதாவது ஏறக்குறைய நால்வரில் மூவர், மருந்து எடுத்தவர்கள்! கொரோனா காலத்தில் ‘இறந்தவர்களில் இத்தனை பேர் தடுப்பூசி போட்டவர்கள்’ என்று கைப்பேசிகளில் சுற்றிய கணக்குகளில் இந்தக் கோளாறு இருந்தது. அதை நம்பிப் பயந்தவர்கள் எத்தனையோ பேர்.

மருந்தால் ஒரு பயனும் இல்லை என்றால் என்ன நடந்திருக்கும்? 107-க்கு 18 என்ற விகிதம் இரு பக்கமும் பொருந்தும். 55 பேரில் ஒன்பது பேர் இறந்திருப்பார்கள். இறந்ததோ நால்வர். இத்தனை வித்தியாசம் தற்செயலாக வர நூற்றில் ஒரு வாய்ப்புக்கூட இல்லை என்று 1948 அக்டோபர் 30 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அறிக்கை வந்தது.

அட்டவணை அத்தோடு முடியவில்லை. ஐந்தாண்டு கழித்து எண்ணியபோது மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், மற்ற 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தார்கள். 7-க்கு 27 என்றிருந்த சதவீதம் 58-க்கு 67 ஆகிவிட்டது. ஒற்றை மருந்துக்குக் கிருமிகள் பழகிக்கொண்டதுதான் முக்கியக் காரணம். அடுத்த ஆய்வில் பாஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. காசநோய்க்கு இன்றும் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கிறார்கள்.