எட்டிப் பார்த்தாலும் பில்லில் வருவீர்கள்

மெட்டா நிறுவனத்தின் அலுவலக சமூக வலைத்தளமான 'ஒர்க்பிளேஸ்' 2026 மே 31-ஓடு மூட்டை கட்டுகிறது. இது திடீர் அறிவிப்பு அல்ல. 2024 மே மாதமே சொல்லிவிட்டார்கள்: 2025 ஆகஸ்ட் 31 வரை வழக்கம்போல் பயன்படுத்தலாம், அதற்குப் பிறகு படிக்கவும் தரவிறக்கவும் மட்டும், கடைசியில் எல்லாம் அழிக்கப்படும். வேலை செய்யும் முறையையே மாற்றப்போகிற செயற்கை நுண்ணறிவிலும் மெட்டாவெர்ஸிலும் கவனம் செலுத்தவே இதை மூடுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒர்க்பிளேஸைத் தொடங்கியபோதும் வேலை செய்யும் முறை மாறப்போகிறது என்றுதான் சொன்னார்கள்.

வாசகர் கடிதங்கள் இரண்டு வகை. தங்கள் சொந்த பேஸ்புக் கணக்கும் சேர்ந்து போய்விடுமோ என்ற பயம் ஒன்று. போகாது, இரண்டும் வேறு வேறு கணக்குகள். மற்றொரு வகைக் கடிதங்கள்தான் யோசிக்கவைத்தன. பழையது மூடுவதால் அலுவலகத்தில் புதுச் செயலி ஒன்றை வெள்ளோட்டம் விடுகிறார்கள், எச்.ஆரிலிருந்து தினமும் நினைவூட்டல் வருகிறது. பதிவு போட்டால் பேட்ஜ், போடாவிட்டால் டீம் லீடர் கேள்வி கேட்கிறார். எங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த வெள்ளோட்டத்தில் எதைத்தான் சோதிக்கிறார்கள் என்பது கேள்வி.

இதற்குப் பதில் ஒர்க்பிளேஸ் பிறந்த கதையிலேயே இருக்கிறது. 2015 ஜனவரியில் 'பேஸ்புக் அட் ஒர்க்' என்ற பெயரில் சில நிறுவனங்களோடு வெள்ளோட்டம் தொடங்கியது. அந்த ஆண்டே ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, 2016 முடிவதற்குள் தன் 1,00,000 ஊழியர்களையும் இதில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. 2016 அக்டோபரில் லண்டனில் முறைப்படி அறிமுகம் நடந்தபோது 1,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளே வந்திருந்தன. அதிகம் பயன்படுத்திய நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா முதலிடத்தில் இல்லை, இந்தியா இருந்தது. யெஸ் பேங்க் பெயர் வாடிக்கையாளர் வரிசையில் முன்னால் நின்றது. ஆகவே நம் ஊர்க் கடிதங்கள் இவ்வளவு வருவதில் வியப்பில்லை.

அன்று அவர்கள் வைத்த விலையைக் கவனியுங்கள். முதல் மூன்று மாதம் இலவசம். பிறகு 1,000 பேர் வரை தலைக்கு மாதம் 3 டாலர், ஆள் கூடக்கூட 2 டாலர், 10,000-ஐத் தாண்டினால் 1 டாலர். இதில் 'தலை' என்பது சம்பளப் பட்டியலில் உள்ள தலை அல்ல. அந்த மாதம் உள்ளே வந்த தலை மட்டும். 1,000 பேர் வேலை செய்யும் கம்பெனியில் 300 பேர்தான் எட்டிப் பார்த்தார்கள் என்றால் பில் 900 டாலர். ஆயிரம் பேரும் பார்த்தால் 3,000.

முதல் பார்வைக்கு இதைவிட நேர்மையான விலை கிடையாது. அலுவலக மென்பொருள் வாங்கியவர்களுக்குத் தெரியும்: ஆயிரம் பேருக்கு லைசென்ஸ் எடுப்போம், நூறு பேர்கூடத் திறக்கமாட்டார்கள், காசு மட்டும் முழுதாகப் போகும். அந்தப் பயம் இங்கே இல்லை. பயன்படுத்தினால் காசு, இல்லாவிட்டால் இல்லை. அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக்கை நடத்தும் நிறுவனமும் செயலற்றுப் போன கணக்குகளுக்கான பணத்தை வரவு வைத்துத் தரும் முறையைக் கொண்டுவந்து, அதை நியாயமான பில்லிங் என்று விளம்பரப்படுத்தியது. கெட்டிக்கார யோசனைதான், மறுக்கவில்லை.

கெட்டிக்காரத்தனம் எங்கே கசக்கிறது என்றால், இலவச மாதங்களோடு இந்த விலையைச் சேர்த்துப் பார்க்கும்போது. இலவச காலத்தில் ஊழியர்களை உள்ளே தள்ளக் கம்பெனிக்குச் செலவே இல்லை. ஆகவே தள்ளுகிறார்கள். புகைப்படப் போட்டி வைக்கிறார்கள். தலைமை நிர்வாகி நேரலையில் வருகிறார். முதல் பதிவுக்குக் காபி கூப்பன். எண்ணிக்கை ஏறுகிறது. இந்தச் செயலியை வாங்கலாம் என்று சொன்ன அதிகாரி அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போகிறார். நான்காவது மாதம் அதே எண்ணிக்கை பில்லாகத் திரும்பி வருகிறது.

எண்ணிக்கை இறங்கினால் பில்லும் இறங்குமே, நட்டம் என்ன என்று கேட்கலாம். கம்பெனிக்கு நட்டமில்லை. சிபாரிசு செய்த அதிகாரிக்குத்தான் மானப் பிரச்சினை. 'வெள்ளோட்டத்தில் 80 சதவீதம், இப்போது 30 சதவீதம்' என்ற வரைபடத்தை யார் காட்டுவார்கள்? ஆகவே நினைவூட்டல்கள் நிற்பதில்லை. விற்றவருக்கும் எண்ணிக்கை ஏறவேண்டும், வாங்கச் சொன்னவருக்கும் ஏறவேண்டும். ஊழியர்களைத் தள்ளுவதும் கம்பெனி, அப்படித் தள்ளியதற்குக் காசு கட்டுவதும் கம்பெனி. இந்த ஏற்பாட்டில், இதனால் ஏதாவது வேலை சுலபமாயிற்றா என்று கேட்க எந்தத் தரப்புக்கும் அவசரமில்லை.

மேலும், எட்டிப் பார்த்தவரும் எழுதியவரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இணையக் குழுக்களில் நூற்றுக்கு 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். (அலுவலகங்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் எச்.ஆரில் இருப்பார்.) மேலிடத்துக்குப் போகும் வரைபடத்தில் இந்த நூறு பேரும் ஒரே கோடு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணிவிட்டு, இன்று இவ்வளவு வேலை நடந்தது என்று அறிக்கை எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அந்த 90 பேரை வரவழைக்க ஆர்வமூட்டத் தேவையில்லை என்பதையும் நிர்வாகங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. ஊழியருக்குத் தவிர்க்கமுடியாத ஒரு விஷயத்தை மட்டும் அங்கே மாற்றிவைத்தால் போதும். ஷிப்ட் பட்டியல், விடுமுறை அறிவிப்பு, பேருந்து நேரம், இவற்றில் ஒன்று. நோட்டீஸ் போர்டில் இருந்தபோது பார்த்த அதே ஆள்தான் இப்போதும் பார்க்கிறார். ஆனால் இப்போது அவர் 'விரும்பி ஏற்றுக்கொண்டவர்'. வெள்ளோட்டம் வெற்றி என்று எந்த நிறுவனமாவது அறிவித்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எந்த மாதம் எதை அங்கே மாற்றினார்கள்?

விற்பவர்கள் மேற்கோள் காட்ட விரும்பும் கணக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு குழு 2,000 செய்திகளைப் பரிமாறிக்கொண்டுவிட்டால், அப்படிப்பட்ட குழுக்களில் 93 சதவீதம் தொடர்ந்து பயன்படுத்துகின்றன என்று ஸ்லாக்கின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு சொன்னார். எண் உண்மையாகவே இருக்கட்டும். பிடித்துப்போனதால் 2,000 செய்தி எழுதினார்களா, 2,000 எழுதியதால் பிடித்துப்போயிற்றா? முதலாவதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தக் கணக்கைக் கேட்ட மேலாளர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது 2,000-ஐத் தொடவைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். 'காலை வணக்கம்' செய்திகள் பெருகுவது இப்படித்தான்.

எழுதிக் குவித்த செய்திகளுக்கு வேறொரு பயனும் உண்டு. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் உரையாடல் மட்டுமே தெரியும். முதலில் பழையவை அழிக்கப்படவில்லை, மறைக்கப்பட்டன. சந்தா கட்டினால் திரும்பத் தெரிந்தன. 2024 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேற்பட்டவற்றை இலவசக் கணக்குகளிலிருந்து நிஜமாகவே அழிக்கத் தொடங்கினார்கள். உங்கள் குழு எழுதியதை உங்கள் குழுவுக்கே விற்கிற வியாபாரம். கடைசி நாள் வரை எல்லாப் பதிவுகளையும் காட்டிவரும் ஒர்க்பிளேஸ் அந்த அளவில் பரவாயில்லை.

நேர்மையான சோதனைக்கு முன்மாதிரியே இல்லையா? அருகில் வந்த ஒன்று உண்டு. பிரான்சின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான அட்டோஸை நடத்திவந்த தியரி பிரெட்டன் 2011-ல், மூன்றாண்டுக்குள் நிறுவனத்துக்குள் மின்னஞ்சலே இருக்காது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு 'ப்ளூகிவி' என்ற சமூக மென்பொருள் நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். மின்னஞ்சல் வெகுவாகக் குறைந்தது, பூஜ்யம் ஆகவில்லை. ஆனாலும் அவர் வைத்த அளவுகோல் சரியானது. புதுச் செயலிக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவர் இலக்காக வைக்கவில்லை, பழைய தொல்லை எவ்வளவு ஒழிந்தது என்பதை வைத்தார். உங்கள் அலுவலக வெள்ளோட்டத்தில் யாராவது மின்னஞ்சல்களை, மீட்டிங்குகளை, இரவு பத்து மணி வாட்ஸ்அப் செய்திகளை முன்பும் பின்பும் எண்ணுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எண்ணினால் அது சோதனை. எண்ணாவிட்டால் அது விற்பனை, நீங்கள் அதில் சரக்கு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மெட்டா சொல்லும் ஒர்க்விவோவுக்குத்தான் மாறவேண்டுமா? இல்லை, அது ஸூம் நிறுவனத்தின் சரக்கு, மெட்டாவின் சிபாரிசு, அவ்வளவே.

வாட்ஸ்அப் குழு போதாதா? வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நான் எவ்வளவு பயன்படுத்துகிறேன் என்று மேலாளருக்குத் தெரியுமா? தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2020-ல் 'ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று ஊழியர்களின் பயன்பாட்டுக் கணக்கை ஆள் பெயரோடு கொடுத்து, கண்டனம் கிளம்பிய பிறகுதான் பெயர்களை எடுத்தது.

தனிச் செய்திகள் தனிதானா? அலுவலகக் கணக்கில் எழுதியது அலுவலகத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பதிவு போடாவிட்டால் அப்ரைசலில் கை வைப்பார்களா? அப்படி விதி இருந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள்.

பழைய பதிவுகளில் எனக்கு வேண்டியவை இருக்கின்றன, என்ன செய்வது? இந்த வாரமே பட்டியல் போட்டு அட்மினிடம் கொடுங்கள். நிறுவனத்தின் மொத்த டேட்டாவையும் வெளியே எடுக்கும் வசதி இப்போது அவரிடம் இருக்கிறது, ஜூன் 1 அன்று அவரிடமும் இருக்காது.