நோயும் நோயச்சமும்

நோய் மனிதனை வருத்துவது ஒரு வகை; நோய் வந்துவிட்டதோ என்னும் ஐயம் வருத்துவது மற்றொரு வகை. முன்னதற்கு மருந்து உண்டு. பின்னதற்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. அதைப் பிறரிடம் சொல்வதற்கும் நாணம் தடையாக நிற்கிறது. இவ்வாறு பலர் உள்ளத்துள்ளே வைத்துப் புழுங்கும் அச்சம் ஒன்றைக் குறித்து, நேயர்களே, இன்று சிறிது சிந்திப்போம். ஹெர்ப்பீஸ் என்னும் கொப்புள நோய் தம்மைத் தொற்றிவிட்டதோ என்ற அச்சமே அது.

ஒருவர் விடுதியில் பிறர் பயன்படுத்திய துண்டால் உடலைத் துடைத்துக்கொள்கிறார். மற்றொருவர் நண்பர் வாய்வைத்துக் குடித்த குவளையில் தாமும் குடித்துவிடுகிறார். இன்னொருவர் ரயில் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார். வேறொருவர், புண் ஏதும் தென்படாத ஒருவருடன், உறை அணிந்து ஒருமுறை கூடியிருக்கிறார். மறுநாள் முதல் இவர்களுக்கு உறக்கம் இல்லை. திருமணம் நிச்சயமானவர் நாளைத் தள்ளிப்போடுகிறார். மணமானவர் மனைவியின் அருகே செல்ல அஞ்சுகிறார். காரணம் அறியாத அவளோ வேறு ஏதோ எண்ணிக் கலங்குகிறாள். வந்ததென்று உறுதியாகாத நோய் ஒன்று குடும்பத்தின் அமைதியைக் குலைத்துவிடுகிறது.

முதலில் நோயின் இயல்பை அறிவோம். ஹெர்ப்பீஸ் என்ற சொல், ‘ஊர்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் ஊர்களில் அக்கி என்று சொல்லிக் காவிமண்ணால் எழுதுவார்களே, அது பெரும்பாலும் வேறு நோய். சின்னம்மை வைரஸ் உடலில் தங்கியிருந்து பின்னாளில் எழுப்புவது. நாம் பேசும் நோய்க்குக் காரணமான வைரஸ் இரு வகைப்படும். முதல் வகை பெரும்பாலும் உதட்டிலும் வாயைச் சுற்றியும் கொப்புளங்களை எழுப்பும், பிறப்புறுப்பிலும் தோன்றுவதுண்டு. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பைப் பற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், முதல் வகையை உடலில் கொண்டுள்ளனர். 15 முதல் 49 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை உண்டு. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறிகுறி தோன்றுவதில்லை; அல்லது கவனத்துக்கு வராத அளவில் தோன்றி மறைந்துவிடுகிறது.

இனி, இது எவ்வாறு தொற்றுகிறது என்று பார்ப்போம். தோலோடு தோலும், வாயோடு வாயும் நெருங்கி உராய்வதே இதன் வழி. புண் உள்ள காலத்தில் தொற்றும் வாய்ப்பு மிகுதி. புண் இல்லாத காலத்திலும் சிறிதளவு உண்டு. உடலை விட்டு வெளிவந்த வைரஸ் நெடுநேரம் உயிர்த்திருப்பதில்லை. ஆகவே கழிப்பறை இருக்கை, படுக்கை விரிப்பு, நீச்சற்குளம் ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை. துண்டாலும் குவளையாலும் பரவும் வாய்ப்பு மிக அரிது. உறை இத்தொற்றை முற்றிலும் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கணிசமாகக் குறைக்கிறது. புண் இல்லாத ஒருவருடன், உறையுடன், ஒருமுறை நேர்ந்த தொடர்பில் ஆபத்து சிறிதே.

‘சிறிது என்கிறீர்களே, அறவே இல்லை என்று சொல்லக் கூடாதா?’ என்று அஞ்சுபவர் கேட்பார். அவருடைய துன்பத்தின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு சிறிதாயினும் அவருக்கு அது போதவில்லை; ஐயத்திற்கு இடமே இல்லாத உறுதி வேண்டும். அவ்வுறுதியைத் தேடி நாளுக்குப் பத்து முறை கண்ணாடி முன் நிற்கிறார். விளக்கு வெளிச்சத்தில் தோலை ஆராய்கிறார். கைப்பேசியில் நள்ளிரவு வரை படங்களைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் சிறிது ஆறுதல் கிடைக்கிறது. ஒரு நாழிகை கழிவதற்குள் ஐயம் முன்னிலும் வலுத்து மீள்கிறது. அடிக்கடி தேய்த்துக் கழுவுவதால் தோல் சிவக்கிறது. அச்சிவப்பே புதிய சான்றாகிவிடுகிறது. அச்சம் மிகுந்த உடலில் எரிச்சலும் குறுகுறுப்பும் தாமாகவே எழுவதுண்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி இங்கே முற்றும் பொருந்துகிறது.

சோதனை செய்துகொண்டால் தெளிவு பிறக்காதா? புதிய கொப்புளம் இருந்தால், அதிலிருந்து நீரெடுத்துச் செய்யும் சோதனை நல்ல விடை தரும். புண் இல்லாதபோது செய்யும் இரத்தச் சோதனை அத்தகையதன்று. தொற்று நேர்ந்தாலும், எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படப் பல வாரங்கள் ஆகும். முதல் வகை உண்டு என்று விடை வந்தால், அது குழந்தைப் பருவத்திலேயே வந்ததாக இருக்கலாம். அண்மை நிகழ்ச்சியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டாம் வகைச் சோதனையிலோ, உண்டு என்று வரும் விடைகளில் பிழையானவை மிகப் பல. இக்காரணங்களால் அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2016ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும், அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த இரத்தச் சோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஐயத்தைப் போக்கிக்கொள்ளச் சென்றவர் பெரிய ஐயத்துடன் திரும்ப நேரிடும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? அறிகுறி தோன்றுவதாயின் பெரும்பாலும் 2 முதல் 12 நாட்களுக்குள் தோன்றும். ஆகவே நிகழ்ச்சி நடந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்கள் குளிக்கும் வேளையில் ஒருமுறை இயல்பாகக் கவனியுங்கள். அதற்கு மேல் தேடாதீர்கள். ஒரே ஒரு மருத்துவரை நாடி நடந்ததை மறைக்காமல் கூறுங்கள்; ஏற்ற பிற சோதனைகள் தேவையா என்பதை அவர் சொல்வார். அவர் விடையளித்த பிறகு பத்துப் பேரிடம் அதையே கேட்டுத் திரியாதீர்கள். கவலை எழும்போது அதனோடு வாதிட வேண்டாம். மாலையில் கால் மணி நேரத்தை அதற்கென ஒதுக்கி, மற்ற நேரத்தில் ‘மாலையில் பார்ப்போம்’ என்று கைவேலைக்குத் திரும்புங்கள். பார்க்க வேண்டும் என்ற துடிப்பை ஒருமுறை அடக்கினால் அடுத்த முறை அது சற்றே தளரும். வாரங்கள் கடந்தும் அச்சம் நீங்காமல் உறக்கத்தையும் தொழிலையும் கெடுக்குமானால், மனநல மருத்துவரை நாடுவதில் இழிவு ஏதும் இல்லை. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம்.

ஒரு வேளை கொப்புளங்கள் கூட்டமாக எழுந்து வலித்தால், அவை ஆறுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். புண் ஆறும் வரை உறவைத் தவிர்த்து, வாழ்க்கைத் துணையிடம் உண்மையைக் கூறுங்கள். கருவுற்ற பெண்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்; உதட்டில் புண் உள்ளவர் பச்சிளங் குழந்தையை முத்தமிடலாகாது. வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுவதால் அதை முற்றிலும் வெளியேற்றும் மருந்து இல்லை. ஆனால் புண்ணை விரைவில் ஆற்றவும், மீண்டும் வருவதைக் குறைக்கவும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் உள்ளன. அம்மருந்து உருவாவதில் பெரும்பங்கு கொண்ட ஆய்வுக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இந்நோய் உடையோர் மணம் புரிகின்றனர், மக்களைப் பெறுகின்றனர், நெடுங்காலம் வாழ்கின்றனர்.

தெருவில் இறங்கி நடப்பதிலும் சிறிதளவு ஆபத்து உண்டு. அதற்காக நாம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. இருபுறமும் பார்த்துவிட்டுக் கடக்கிறோம். இங்கும் செய்யத்தக்கதைச் செய்துவிட்டு, எஞ்சியிருக்கும் சிறு ஐயத்தோடு வாழப் பழகுவதே அறிவுடைமை. அவ்வாறு பழகியவரிடம் உறக்கமும் உறவின் இனிமையும் தாமே திரும்பி வரும்.