பி.பி. மாத்திரை போட்டா கால் வீங்குதா? நீங்களா நிறுத்திடாதீங்க!

"பி.பி. மாத்திரை போட ஆரம்பிச்சதும் கால் வீங்குது" என்று சிலர் சொல்வதுண்டு. அது ஏன்?

ரத்தக்குழாய் சுவரில் தசை உண்டு. அதற்குள் கால்சியம் புகுந்தால் குழாய் இறுகும். கால்சியம் குறைந்தால் தளரும். குழாய் இறுகினால் பி.பி. எகிறும்.

அம்லோடிபின் மாத்திரை, கால்சியம் உள்ளே நுழையும் வாசலை அடைக்கிறது. குழாய் விரிந்து அழுத்தம் இறங்குகிறது.

ஆனால் ரத்தத்தைக் கொண்டுவரும் சின்னக் குழாய்கள் விரிகிற அளவுக்கு, திருப்பி எடுத்துப்போகும் குழாய்கள் விரிவதில்லை. அதனால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது.

இதற்காக மாத்திரையை நிறுத்தினால் பி.பி. மறுபடி ஏறி பக்கவாதம், மாரடைப்பு வரை போகலாம். டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார், அல்லது மாத்திரையை மாற்றித் தருவார்.