மெய்நிகராக்கத் திட்டமிடல்

மெய்நிகராக்கத் திட்டமிடல் என்பது, ஒரு நிறுவனத்தின் சர்வர்கள், சேமிப்பகம், மேசைக்கணினிகள் ஆகியவற்றைத் தனித்தனி இயந்திரங்களாக வைத்திருப்பதற்குப் பதிலாக, சில வலுவான கணினிகளின் மேல் மென்பொருள் வழியாக இயக்குவதற்கு முன்பு செய்யப்படும் அளவெடுப்பு, கணக்கீடு, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றைக் குறிக்கும். மெய்நிகராக்கத்தால் இடம், மின்சாரம், பராமரிப்பு ஆகியவை மிச்சமாகின்றன. ஆனால் பல இயந்திரங்களில் பரவியிருந்த வேலை சில இயந்திரங்களில் குவிவதால், ஒரு பழுது பல வேலைகளை ஒரே நேரத்தில் நிறுத்திவிடக்கூடும். எனவே, "எவ்வளவு வாங்க வேண்டும்" என்ற கேள்வியுடன் "எது நின்றால் என்னென்ன நிற்கும்" என்ற கேள்விக்கும் திட்டமிடலில் விடை காண வேண்டும்.

அடிப்படைக் கருத்து

ஒரு கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, அதனுள் பல கணினிகள் இருப்பதுபோல் இயங்கச் செய்யும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். அவ்வாறு உருவாகும் ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி ஆகும். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் சொந்த இயக்குதளம் உண்டு. ஒன்று செயலிழந்தாலும் பக்கத்தில் இருப்பது தொடர்ந்து இயங்கும். ஒரே கட்டடத்தில் தனித்தனிக் கதவும் பூட்டும் கொண்ட குடித்தனங்களைப் போன்றது இது. ஆனால் கட்டடத்தின் அடித்தளம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இந்த எண்ணம் புதியதன்று. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்ற அமைப்பை வெளியிட்டது. சாதாரண அலுவலகச் சர்வர்களுக்கு இது பரவியது, 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பிறகே. 2003இல் ஜென் என்ற கட்டற்ற ஹைப்பர்வைசர் வெளிவந்தது. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கருவின் ஒரு பகுதியானது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி செயலிகளிலேயே மெய்நிகராக்கத்துக்கான வசதி சேர்க்கப்பட்டதும் இதன் வேகம் கூடியது.

முதற்படி: அளவெடுத்தல்

இருக்கும் கணினிகள் உண்மையில் எவ்வளவு உழைக்கின்றன என்பதை அளப்பதே திட்டத்தின் தொடக்கம். செயலிப் பயன்பாடு, நினைவகப் பயன்பாடு, வட்டில் நொடிக்கு நிகழும் எழுத்து-வாசிப்புகள், வலையமைப்புப் போக்குவரத்து ஆகிய நான்கையும் சில வாரங்களுக்குப் பதிவு செய்ய வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. உச்ச நேரத்தின் அளவே முடிவைத் தீர்மானிக்கும்.

எந்த மாதத்தில் அளப்பது என்பதும் முக்கியம். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள காரிமங்கலத்தின் சுற்றுவட்டாரம் மா விளையும் பகுதியாகும். இவ்விரு மாவட்டங்களிலும் மாங்கூழ் ஆலைகள் உள்ளன. பெங்களூரா எனப்படும் கிளிமூக்கு மாம்பழம் இங்கு கூழுக்குப் பெரிதும் பயன்படுகிறது. கோடைப் பருவத்தில் லாரிகளும் டிராக்டர்களும் ஆலை வாசலில் வரிசை கட்டும். பருவம் முடிந்தால் அதே அலுவலகம் அமைதியாகிவிடும். அத்தகைய ஆலை ஒன்று டிசம்பரில் அளவெடுத்துச் சர்வர் வாங்கினால், அந்த அளவு ஜூன் மாதத்திற்குப் போதாது. ஜவுளிக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும், கல்லூரிக்குச் சேர்க்கைக் காலமும் இதே போன்ற உச்ச காலங்களாகும்.

சர்வர் திட்டமிடல்

கணக்கீட்டை விளக்க ஒரு கற்பனை மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கணக்குப் பதிவு, எடைமேடைத் தரவுத்தளம், கோப்புச் சர்வர், குளிர்கிடங்கு வெப்பநிலைப் பதிவு, பயனர் அடையாளச் சரிபார்ப்பு என ஐந்து சர்வர் வேலைகள் உள்ளன. உச்ச காலத்தில் இவற்றுக்கு மொத்தம் 72 ஜிபி நினைவகம் தேவை. கூடவே 20 ஊழியர்களுக்கு மெய்நிகர் மேசைக்கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 6 ஜிபி எனில் 120 ஜிபி. ஆக மொத்தத் தேவை 192 ஜிபி. ஒவ்வொரு சர்வரிலும் ஹைப்பர்வைசரின் சொந்தப் பயன்பாட்டுக்கு 16 ஜிபி ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம்.

256 ஜிபி கொண்ட ஒரே சர்வர் இந்த வேலைக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் அதன் மின்பலகை பழுதானால் ஆறு வேலைகளும் ஒருசேர நிற்கும். ஆகவே, ஒரு சர்வர் நின்றாலும் மீதமுள்ளவை முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்ற விதியின்படி கணக்கிடப்படுகிறது.

இரண்டு சர்வர்கள் என்றால், ஒன்று நின்றபின் மற்றது 192 + 16 = 208 ஜிபி தாங்க வேண்டும். எனவே ஒவ்வொன்றிலும் 256 ஜிபி தேவை. வாங்க வேண்டிய மொத்தம் 512 ஜிபி.

மூன்று சர்வர்கள் என்றால், ஒன்று நின்றபின் மற்ற இரண்டும் சேர்ந்து 192 + 32 = 224 ஜிபி தாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 128 ஜிபி இருந்தால் போதும். மொத்தம் 384 ஜிபி.

மூன்று சர்வர் அமைப்பில் நினைவகம் குறைகிறது. ஆனால் பெட்டி, மின் இணைப்பு, உரிமக் கட்டணம் ஆகியவை கூடக்கூடும். இரண்டையும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். இரண்டு சர்வர் அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால், "மற்றது இறந்துவிட்டது" என்று இரண்டுமே கருதி, ஒரே தரவை இரண்டும் எழுதத் தொடங்கிவிடலாம். இதைத் தடுக்க, யார் தொடர வேண்டும் என்று தீர்மானிக்கும் சாட்சியாக மூன்றாவது சிறு கணினி ஒன்று வைக்கப்படுகிறது.

செயலியை ஓரளவு கூடுதலாகப் பங்கிடலாம். எல்லா மெய்நிகர் கணினிகளும் ஒரே நொடியில் முழுவேகத்தில் இயங்குவதில்லை என்பதே காரணம். நினைவகத்தை அவ்வாறு தாராளமாகப் பங்கிடக் கூடாது. நினைவகம் போதாதபோது தரவு வட்டுக்கு மாற்றப்படுவதால் அனைத்தும் மந்தமாகிவிடும்.

எல்லா வேலையையும் மெய்நிகராக்க வேண்டியதில்லை. எடைமேடையின் எடைகாட்டி பெரும்பாலும் தொடர் இணைப்பு வடம் வழியாகவே கணினியுடன் பேசுகிறது. சர்வர் நின்றாலும் எடைச் சீட்டு அச்சாக வேண்டும். இல்லையெனில் பழம் ஏற்றிய வண்டிகள் வெயிலில் காத்துக் கிடக்கும். அதனால் எடைமேடையில் தனியே இயங்கும் ஒரு கணினியை வைத்து, இணைப்பு மீண்டதும் தரவைச் சர்வருக்கு அனுப்பும்படி அமைப்பது பாதுகாப்பானது.

சேமிப்பகத் திட்டமிடல்

சேமிப்பகத்தில் கொள்ளளவு, வேகம் என இரண்டு அளவுகள் உண்டு. கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்குவது பரவலாக நடக்கும் தவறு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு வன்தட்டு, அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் தரவை நொடிக்கு 80 முறை அளவில்தான் எடுத்துத் தரும். திடநிலை வட்டான எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை தரும். பல மெய்நிகர் கணினிகள் ஒரே வட்டைப் பகிரும்போது கோரிக்கைகள் சிதறியே வருவதால் இந்த வேறுபாடு உடனே தெரியும்.

பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் முறை ரெய்டு எனப்படும். ரெய்டு 10 முறையில் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் வட்டில் இரண்டு செயல்கள் நடக்கும். ரெய்டு 5 முறையில் நான்கு நடக்கும். ஆனால் ரெய்டு 5 கூடுதல் கொள்ளளவைத் தரும். தரவுத்தளத்துக்கு முன்னதும், அதிகம் மாறாத கோப்புகளுக்குப் பின்னதும் பொருந்தும்.

உண்மையில் இருப்பதைவிடக் கூடுதல் இடத்தை மெய்நிகர் கணினிகளுக்குக் காட்டும் வசதியும் உண்டு. 10 டிபி உள்ள இடத்தில் 15 டிபி இருப்பதாக ஒதுக்கலாம். பயன்பாடு மெல்ல வளரும்வரை இது சிக்கனமே. இடம் நிரம்பிவிட்டால், அதைப் பகிரும் மெய்நிகர் கணினிகள் எல்லாமே எழுத முடியாமல் நிற்கக்கூடும். எனவே 70 அல்லது 80 விழுக்காடு நிரம்பும்போதே எச்சரிக்கை வரும்படி அமைக்க வேண்டும்.

மேசைக்கணினி மெய்நிகராக்கம்

இம்முறையில் ஊழியரின் மேசையில் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றுடன் மெலிகணினி எனப்படும் சிறு பெட்டி மட்டும் இருக்கும். இயக்குதளமும் கோப்புகளும் சர்வரில் இருக்கும். மேசையில் உள்ள பெட்டி பழுதானாலும் திருடு போனாலும் தரவு போகாது. ஒரே மூலப்படிமத்தைத் திருத்தினால் எல்லா மேசைகளுக்கும் அது போய்ச் சேரும். தமிழ் அலுவலகங்களுக்கு இதில் தனி நன்மை உண்டு. யூனிகோடு எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் மூலப்படிமத்தில் ஒருமுறை நிறுவினால், ஒரு மேசையில் தட்டச்சிட்ட கடிதம் அடுத்த மேசையில் கட்டங்களாகத் தெரியும் தொல்லை இராது.

இதன் பலவீனம் காலை நேரத்தில் வெளிப்படும். ஒன்பது மணிக்கு 20 பேரும் ஒன்றாகக் கணினியைத் திறந்தால், 20 இயக்குதளங்களும் ஒரே சேமிப்பகத்தை மொய்க்கும். நான்கு வன்தட்டுகள் சேர்ந்து நொடிக்கு 320 வாசிப்புகள் தரும் என்றால், ஒவ்வொருவர் பங்குக்கும் வருவது 16தான். திரைகள் திறக்க நெடுநேரமாகும். எஸ்எஸ்டி பயன்படுத்துவதாலும், அலுவலகம் தொடங்கும் முன்பே மெய்நிகர் கணினிகளைத் தொகுதி தொகுதியாக எழுப்பிவிடுவதாலும் இதைத் தீர்க்கலாம். வலையமைப்பு அறுந்தால் மெலிகணினியில் எந்த வேலையும் ஓடாது என்பதால், நடுநாயகமான வலையமைப்புச் சுவிட்சுகளும் இரண்டாக இருக்க வேண்டும். காணொளித் தொகுப்பு, பொறியியல் வரைபடம் போன்ற வேலைகளுக்கும், வெளியூர் சென்று பணியாற்றுவோருக்கும் தனிக்கணினியே ஏற்றது.

காப்புநகலும் மீட்பும்

ரெய்டு காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலும் அழிந்துவிடும். அதே சேமிப்பகத்தில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் காப்புநகல் ஆகாது. சேமிப்பகம் போனால் அதுவும் போய்விடும். மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு படி வேறு இடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதியாகும். அவற்றுள் ஒன்று வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டோ மாற்ற முடியாததாகவோ இருப்பது நல்லது.

2022 நவம்பர் 23 அன்று புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பணயத் தீநிரலால் முடக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டிபி தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. புறநோயாளிப் பதிவு உள்ளிட்ட பணிகள் பல நாட்கள் கையெழுத்தில் நடந்தன. தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புநகல் சர்வரில் இருந்த தரவைக் கொண்டே மின்-மருத்துவமனை அமைப்பு மீட்கப்பட்டது.

தென்கொரியாவின் தேஜான் நகரில் நடந்தது இதற்கு மாறானது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்குள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம்-அயனி மின்கலங்களில் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசு இணையச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டிபி சேமிப்பகம் எரிந்துபோனது. அதன் அளவு பெரிது என்பதால் வெளியிடத்தில் காப்புநகல் வைக்கப்பட்டிருக்கவில்லை.

2024 ஜூலை இறுதியில் இந்தியாவிலேயே, பல சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் அமைப்புகள் பணயத் தீநிரலால் பாதிக்கப்பட்டன. பரவலைத் தடுக்க, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகளும் வட்டார ஊரக வங்கிகளுமாக ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவைகள் தடைபட்டன. ஒரே இடத்தைப் பலர் நம்பியிருக்கும்போது அங்கு ஏற்படும் தடை எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு இது சான்றாகும்.

காப்புநகல் திட்டத்தில் இரண்டு காலங்களை முன்கூட்டியே எழுத வேண்டும். எவ்வளவு நேரத் தரவை இழந்தால் தாங்க முடியும் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்துக்குள் வேலை மீள வேண்டும் என்பது மற்றது. எடைச் சீட்டுகளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால், இரவில் ஒருமுறை எடுக்கும் காப்புநகல் போதாது.

தமிழ்நாட்டின் அனுபவம்

மாநிலங்களில் தரவு மையங்கள் அமைக்கும் திட்டத்துக்கு இந்திய அரசு 2008 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அதன்படி தமிழ்நாட்டின் மாநிலத் தரவு மையம் சென்னை பெருங்குடியில், 1977இல் தொடங்கப்பட்ட எல்காட் நிறுவனத்தின் வளாகத்தில் அமைந்தது. துறைகள் தனித்தனியே சர்வர் அறை கட்டுவதற்குப் பதிலாகப் பொது மையத்தைப் பகிர்வதே இதன் நோக்கம். பேரிடர் மீட்புக்கான மையத்துக்குக் கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள திருச்சிராப்பள்ளி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரே மழையோ புயலோ இரண்டு இடங்களையும் ஒருசேரத் தாக்கக் கூடாது என்பது இத்தகைய இடத்தேர்வின் அடிப்படையாகும்.

செலவும் உரிமமும்

திட்டச் செலவில் சர்வர் விலை ஒரு பகுதி மட்டுமே. யுபிஎஸ் மின்கலங்கள், குளிரூட்டல், ஜெனரேட்டர் டீசல், மென்பொருள் உரிமம் ஆகியவையும் சேரும். விண்டோஸ் சர்வர் உரிமம் 2016 பதிப்பிலிருந்து செயலிக் கருக்களின் எண்ணிக்கையைப் பொறுத்துள்ளது. தேவைக்கு மேல் கருக்கள் வாங்கினால் உரிமச் செலவும் ஏறும். 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம் நிறுவனம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. ஐந்தாண்டுத் திட்டம் போடுவோர், ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வழியையும் திட்டத்தில் எழுதிவைப்பது நல்லது. கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட புராக்ஸ்மாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அவற்றை இயக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாறு கணினிகள் மட்டுமே உள்ள அலுவலகத்துக்கு முழு மெய்நிகராக்கம் தேவைப்படாமலும் போகலாம். அங்கே ஒரு நல்ல கணினியும், ஒழுங்கான காப்புநகலும் போதுமானவை.

சோதனை

அமைத்து முடித்த திட்டத்தைச் சோதித்த பிறகே அது முழுமையடையும். வேலை குறைந்த ஒரு நாளில் ஒரு சர்வரின் மின்சாரத்தை நிறுத்தி, மற்றவை சுமையை ஏற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காப்புநகலிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியைத் தனியே மீட்டு, அதில் கடைசிப் பதிவு இருக்கிறதா, மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாங்கூழ் ஆலைக்கு அந்தச் சோதனையைச் செய்ய ஏற்ற காலம், முதல் வண்டி எடைமேடையில் ஏறுவதற்கு முந்தைய மாதமாகும்.