பழ ஈயும் அதன் பெயரும்

நன்கு முற்றிய கொய்யாவைப் பிளந்தால் உள்ளே வெண்புழு நெளிகிறது. மாம்பழம் வெளியே பொன்னிறமாக இருக்க, சதை கூழாகிக் கிடக்கிறது. மழை விழுந்தால் பழத்தில் புழு வைக்கும் என்று சொல்லி, அதை வேலியோரம் எறிந்துவிடுவது எமது கிராமங்களில் வழமை. ஆனால் மழை புழுவை உண்டாக்குவதில்லை. பெண் ஈ ஒன்று தன் உடலின் பின்முனையிலுள்ள ஊசி போன்ற உறுப்பினால் பழத்தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. ஓரிரு நாட்களில் வெளிவரும் புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. பின்னர் அங்கிருந்து புதிய ஈயாக வெளியேறுகிறது. வேலியோரம் எறிந்த பழமே அடுத்த தலைமுறையின் வளர்ப்பிடம்.

இதைத்தான் பழ ஈ என்கிறோம். அளிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் மிகச் சிறிய ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதை இங்கே குறிப்பிடவில்லை. ஆயினும் பழ ஈக்களுக்குள்ளும் பல இனங்கள் உண்டு. எமது தோட்டத்தில் இருப்பது எது என்று அறிய வேண்டிய தேவை என்ன? இலங்கையோடு தொடர்புடைய ஓர் ஈயின் கதை இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

ஆபிரிக்காவில் ஒரு புதிய ஈ

2003ஆம் ஆண்டு கென்யாவின் கரையோரப் பகுதியில், அங்கு முன்பு அறியப்படாத ஒரு பழ ஈ அகப்பட்டது. ஆபிரிக்காவுக்கே உரிய மாம்பழ ஈக்களை ஆய்வாளர்கள் நன்கு அறிந்திருந்தனர். இது அவற்றுள் ஒன்றல்ல. ஆசியாவின் பழ ஈ வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டில் தன்சானியாவிலும் காணப்பட்ட அது, சில ஆண்டுகளுக்குள் கண்டத்தின் மேற்குக் கரை வரை பரவிவிட்டது.

இந்த ஈக்களை நிபுணர்கள் சோதித்தபோது, அவை இலங்கையில் சேகரிக்கப்பட்ட ஈக்களை ஒத்திருந்தன. 1990களில் யப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து எமது நாட்டின் பழ ஈக்களையும் அவை தாக்கும் தாவரங்களையும் ஆராய்ந்து, 1997இல் ஒரு பட்டியலையும் வெளியிட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான யப்பானியர் சுருட்டா, அவுஸ்திரேலியரான ட்றூ, பிரித்தானியரான வைற் ஆகிய மூவரும் 2005இல் இதனைப் புதிய இனமாக விபரித்தனர். இட்ட பெயர் பக்ரோசெரா இன்வேடன்ஸ். படையெடுத்து வருவது என்பது பொருள். எமது மரங்களில் வாழ்ந்த ஈக்கு, கடல் கடந்து பிறர் தோட்டத்தை அழித்த பின்னர்தான் தனிப் பெயர் கிடைத்தது.

புதிய இனம் என்று எவ்வாறு தீர்மானிப்பது?

புதிய இனம் என்றால் புதிதாகப் பிறந்தது என்று பொருளல்ல. விஞ்ஞானம் இதுவரை பெயரிடாதது என்பதே பொருள். அப்படிச் சொல்வதற்கு, முன்னர் பெயரிடப்பட்டவற்றுள் அது அடங்காது என்று காட்ட வேண்டும்.

ஆய்வாளர் ஈயை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து முகத்திலுள்ள கரும்புள்ளிகள், முதுகின் நிறம், அதன் இரு பக்கத்து மஞ்சட் கோடுகள், இறக்கையின் முன்விளிம்பிலுள்ள கபிலப் பட்டி, வயிற்றில் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற கறுப்பு அடையாளம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முட்டையிடும் உறுப்பின் நீளத்தையும் அளப்பார். பின்னர் நூதனசாலைகளிலுள்ள பழைய மாதிரிகளுடன் ஒப்பிடுவார். புதியதென உறுதியானால் ஓர் ஈயை மூல மாதிரியாகத் தெரிந்து, விபரத்தை வெளியிட்டு, அதனைப் பாதுகாப்பாக வைப்பார். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்த ஒரு ஈயே சாட்சி.

இதில் இடர்ப்பாடு என்னவெனில், ஆசியப் பழ ஈக்களில் ஒரு கூட்டம் ஒன்றையொன்று மிக ஒத்திருப்பதாகும். 1994இல் ட்றூவும் ஹான்கொக்கும் இக்கூட்டத்தில் 52 இனங்களைக் கணக்கிட்டனர். அவற்றில் 40 அன்றுதான் பெயர் பெற்றன. கண்டியின் பெயரைத் தாங்கிய பக்ரோசெரா கண்டியென்சிஸ் என்ற இலங்கை ஈயும் அவற்றுள் ஒன்று. போதாததற்கு, இன்வேடன்ஸ் ஈயின் முதுகு கறுப்பிலிருந்து செங்கபிலம் வரை ஈக்கு ஈ மாறுபடும். நிறத்தை மட்டும் நம்பினால் ஒரே இனத்தை இரண்டாகவும், இரண்டை ஒன்றாகவும் எண்ண இடமுண்டு.

வந்த பெயர் போனது

அப்படியே ஒரு வினா எழுந்தது. 1912இல் தாய்வான் ஈக்களைக் கொண்டு விபரிக்கப்பட்ட பக்ரோசெரா டோர்சாலிஸ் என்ற கீழைத்தேயப் பழ ஈயும் இன்வேடன்சும் உண்மையில் வேறு வேறா? உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் இணைந்து நடத்திய திட்டத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் இதனைப் பரிசோதித்தனர். இரு வகை ஈக்களும் தடையின்றி ஒன்றோடொன்று இணைந்தன. அவற்றின் குஞ்சுகளும் வளமாகப் பெருகின. ஆண் ஈக்கள் உடலிற் சேர்க்கும் மணப்பொருட்களும் ஒன்றே. பரம்பரை அலகுகளிலும் பிரிக்கத்தக்க வேறுபாடு இல்லை. எனவே 2015இல் இரண்டும் ஒரே இனம் என அறிவித்தனர். முந்திய பெயரே நிற்க வேண்டும் என்பது பெயரிடும் விதி. ஆகவே டோர்சாலிஸ் நிலைத்தது. ட்றூ போன்ற சிலர் இதற்கு இணங்கவில்லை. எனினும் இன்று பெரும்பாலோர் இம்முடிவையே ஏற்கின்றனர். கண்டியென்சிஸ் தனி இனமாகவே உள்ளது.

பெயரால் யாருக்கு என்ன?

இது படித்தவர்களின் விவாதம் மட்டுமல்ல. ஒரு நாட்டில் புதிய பூச்சி உண்டென்றால், அது இல்லாத நாடுகள் அங்கிருந்து பழம் வாங்க மறுக்கும். இந்த ஈயைக் காரணங்காட்டி 2007இல் தென்னாபிரிக்கா கென்யாவின் ஆனைக்கொய்யாவைத் தடைசெய்தது. நட்டம் ஆய்வுகூடத்துக்கு அல்ல, சிறு தோட்டக்காரருக்கு.

கட்டுப்படுத்தும் முறையும் பெயரைப் பொறுத்ததே. கீழைத்தேயப் பழ ஈயின் ஆண்கள் மெதைல் இயூஜினோல் என்ற பொருளின் மணத்துக்கு வரும். பாகல், புடோல், பூசணியைத் தாக்கும் பூசணிப் பழ ஈ அதற்கு வராது. அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்பொருள் வேண்டும். பாகற் பந்தலில் மாம்பழ ஈயின் பொறியைக் கட்டித் தொங்கவிட்டால் பணமும் போய், காயும் போகும். மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிடும் முறையும், அவை அங்குள்ள பெண் ஈக்களோடு இணையும் ஒரே இனமாயின்தான் பலிக்கும்.

நாம் செய்யக்கூடியவை

புழுவைப் பார்த்து இனத்தைச் சொல்வது கடினம். ஈயாக வளர்த்துப் பார்க்க வேண்டும். இதை எவரும் வீட்டிலேயே செய்யலாம்.

1. அகன்ற வாயுள்ள போத்தலில் இரண்டு அங்குலம் ஈரமணல் இட்டு, அதன்மேல் புழு வைத்த பழத்தை வையுங்கள். வாயை நுளம்பு வலைத் துணியால் இறுகக் கட்டுங்கள்.

2. ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரங்களில் ஈக்கள் வெளிவரும். உடனே கொல்ல வேண்டாம். சீனித் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து நாலைந்து நாள் வளருங்கள்; நிறமும் அடையாளங்களும் அப்போதுதான் தெளிவாகும்.

3. பின்னர் ஈக்களைச் சிறு போத்தலில் ஸ்பிரிட்டில் இட்டு, பழத்தின் பெயர், ஊர், திகதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். விபரம் எழுதாத மாதிரியால் பயனில்லை.

4. ஈக்குப் பதிலாக மெல்லிய குளவிகள் வெளிவந்தால் அவற்றைத் தோட்டத்திலேயே விட்டுவிடுங்கள். அவை பழ ஈயைத் தாக்கும் எமது நண்பர்கள். இத்தகைய குளவியொன்றே 1940களின் பிற்பகுதி முதல் ஹவாயிலும், பின்னர் ஆபிரிக்காவிலும் இந்த ஈக்கெதிராகப் பயன்பட்டது.

எந்த இனமாயினும் பொருந்தும் வேலை ஒன்று உண்டு. விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் ஒரு வாரம் போடுங்கள். அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பிஞ்சுக் காய்களுக்குக் கடதாசி உறை கட்டுங்கள். மணப்பொறி ஆண் ஈக்களையே பிடிக்கும். முட்டையிடுவது பெண் ஈ. ஆதலால் பொறியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஒரு வளவில் மட்டும் செய்தாலும் பயன் குறைவு. ஈ வேலி பார்த்துப் பறப்பதில்லை. கிராமத்தவர் சேர்ந்து ஒரே காலத்தில் செய்தாலே பலன் கிட்டும்.

எமது மரத்து ஈயை ஆபிரிக்க மண்ணில் அடையாளங் காண முடிந்ததற்கு, இங்கே சிலர் பொறுமையாகப் புழுவை வளர்த்து, ஈயைக் காயவைத்து, ஊரும் திகதியும் எழுதி வைத்ததே காரணம். அந்த வேலையின் முதற்படிக்கு ஒரு போத்தலும் ஒரு பிடி மணலும் போதும்.